கட்டத்தில் இருப்பது பணமல்ல, முகவரி!

காலையில் ஒட்டுக்கடையில் ஒரு பொட்டலம் நாசி லெமாக் வாங்குகிறோம். முன்பெல்லாம் கடைக்காரர் சில்லறைக்காக டப்பாவைத் துழாவுவார். இப்போது மேசையில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டத்தின் முன் கைப்பேசியை நீட்டுகிறோம். சில நொடிகளில் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தச் சில நொடிகளில் என்னதான் நடக்கிறது?

தொழிற்சாலையில் பிறந்தது

கியூஆர் குறியீடு பணம் செலுத்துவதற்காக உருவானதல்ல. ஜப்பானில் கார் உதிரிப் பாகங்கள் தயாரிக்கும் டென்சோ நிறுவனத்தில், 1994ஆம் ஆண்டு மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரின் குழு இதை உருவாக்கியது. அதுவரை பயன்பட்ட பட்டைக் குறியீட்டில் ஏறத்தாழ 20 எழுத்துகள்தான் அடங்கும். அதனால் ஒரே பெட்டியில் பல பட்டைகளை ஒட்டி, ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருந்தது. கியூஆர் குறியீடோ குறுக்கும் நெடுக்குமாகத் தகவலைச் சேமிக்கிறது. எண்கள் மட்டும் என்றால் 7,089 வரை அடங்கும்.

மூன்று மூலைகள் எதற்கு?

எந்தக் கியூஆர் குறியீட்டையும் உற்றுப் பாருங்கள். மூன்று மூலைகளில் மட்டும் பெரிய சதுரங்கள் இருக்கும். அவற்றின் நடுவே கோடு இழுத்தால் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறிமாறி வரும். அச்சிட்ட தாள்களில் அரிதாகவே காணப்படும் விகிதம் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். கைப்பேசி அந்த விகிதத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. நான்காவது மூலையில் அந்தச் சதுரம் இல்லாததால், குறியீடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. தலைகீழாகப் பிடித்தாலும் படிப்பது இதனால்தான்.

கிழிந்தாலும் படிக்கும்

சம்பல் கறை பட்ட குறியீடும் வேலை செய்கிறதே, எப்படி? ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நீங்கள் அனுப்ப வேண்டிய எண்கள் 3, 5. அவற்றுடன் அதே ஏறுவரிசையில் வரும் 7, 9 ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புகிறீர்கள். வந்து சேர்ந்தது 3, 6, 7, 9 என்றால், 6 மட்டும் வரிசையைக் கெடுப்பது தெரிகிறது. அது 5 ஆக இருக்க வேண்டும் என்று திருத்திக்கொள்ளலாம். இதைப் போன்ற, ஆனால் இன்னும் நுட்பமான கணக்கை ரீட், சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1960இல் வெளியிட்டார்கள். கியூஆர் குறியீடு அதைத்தான் பயன்படுத்துகிறது. தேர்ந்தெடுக்கும் நிலையைப் பொறுத்து, தரவில் ஏறத்தாழ 7 முதல் 30 விழுக்காடு வரை பழுதானாலும் மீட்டுவிடலாம்.

செய்து பாருங்கள்: பிஸ்கட் பொட்டலத்தில் உள்ள குறியீட்டின் நடுவில் சிறு துண்டுத் தாளை வைத்துப் படியுங்கள், பெரும்பாலும் படித்துவிடும். அடுத்து, மூலைச் சதுரம் ஒன்றை முழுவதும் மறைத்துப் படித்துப் பாருங்கள். கைப்பேசி திணறுவதைக் காண்பீர்கள்.

திருத்த முடியாத ஒன்று

மலேசியாவில் பல வங்கிகளுக்கும் மின்பணப்பைகளுக்கும் பொதுவாக இருப்பது டியூட்நவ் கியூஆர். கடைகளில் ஒட்டியிருக்கும் கட்டத்துக்குள் பணம் இல்லை. பெறுபவரை அடையாளம் காட்டும் எண், வணிகப் பெயர், ரிங்கிட்டைக் குறிக்கும் 458 என்ற எண் போன்றவைதான் இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், அது ஒரு முகவரி. பணம் நகர்வது வங்கிகளின் கணினிகளில்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. கடைக்காரரின் குறியீட்டின் மேல் வேறொருவர் தம் குறியீட்டை ஒட்டிவிட்டால், கைப்பேசி அதையும் பிழையில்லாமல் படிக்கும். கறையையும் கிழிசலையும் திருத்தும் கணக்கால், முகவரி யாருடையது என்று கேட்க முடியாது. கறுப்பு வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்து நம் கண்ணாலும் வேறுபாட்டைச் சொல்ல முடியாது. மாலையில் கணக்குப் பார்க்கும்போதுதான் கடைக்காரருக்கு அன்றைய வருமானம் போனது தெரியும்.

ஆகவே, பணம் செலுத்துமுன் திரையில் தோன்றும் பெயரைப் படியுங்கள். பதிவு செய்த பெயர் கடைப் பலகையில் உள்ள பெயரிலிருந்து மாறியிருக்கலாம். ஐயம் இருந்தால், "அண்ணே, இந்தப் பெயர் உங்களுடையதுதானா?" என்று கேட்பதில் தவறில்லை. கடை வைத்திருப்பவர்கள் தினமும் கடை திறந்ததும் தங்கள் குறியீட்டைத் தாங்களே ஒருமுறை படித்துப் பார்க்கலாம். வாடிக்கையாளர் காட்டும் திரையை மட்டும் நம்பாமல், தங்கள் கைப்பேசிக்குப் பணம் வந்த அறிவிப்பையும் பார்க்க வேண்டும். மோசடியில் பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் தங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாரேனும் சிறு கடை நடத்துகிறார்களா? நாளைக் காலை முதல் வேலையாக, அங்குள்ள குறியீட்டைப் படித்து, யாருடைய பெயர் வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.