அட்லஸ் அந்துப்பூச்சி: சுவரில் உட்கார்ந்திருப்பது யார்?

நம்பிக்கை: உலகின் மிகப் பெரிய பட்டாம்பூச்சி இதுதான்.

மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவார ஊர்களில், செம்பழுப்புச் சிறகுகளை அகல விரித்து இந்தப் பூச்சி ஏதாவதொரு வீட்டுச் சுவரில் வந்து உட்காரும். மறுநாளே வாட்ஸ்அப்பில் இந்த வரியோடு படம் சுற்றும். ஆனால் இது அந்துப்பூச்சி. பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்திருக்கும். இதற்கோ இறகுபோல் கிளைத்திருக்கும். சிறகை விரித்தால் சுமார் 25 செ.மீ. இருக்கும், அது உண்மை. ஆனால் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் தைசானியா அக்ரிப்பினா என்ற அந்துப்பூச்சி 30 செ.மீ.-ஐ நெருங்குகிறது.

நம்பிக்கை: இதன் அறிவியல் பெயர் அட்டாகஸ் அட்லஸ்.

செய்தித்தாள்களும் இப்படித்தான் போடுகின்றன. லின்னேயஸ் 1758இல் விவரித்த அந்த இனம் இமயமலை அடிவாரம் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருப்பது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது அட்டாகஸ் டப்ரோபானிஸ். ஃபிரெடெரிக் மூர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தனி இனமாக விவரித்துவிட்டார். நிறமும் சிறகிலுள்ள முக்கோணக் கண்ணாடித் திட்டுகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரிவதால் குழப்பம் தீரவில்லை. இதைச் சின்ன விஷயமென்று விட முடியாது. உலகில் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே இருக்கும் ஓர் இனத்தை ஆசியாவில் பரவலாக உள்ள இனத்தின் பெயரில் பதிவு செய்தால், அது எங்கே குறைகிறது என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

நம்பிக்கை: சிறகு நுனியில் பாம்புத் தலை இருக்கிறது, விஷப்பூச்சி.

நுனியின் வளைவும் கண்போன்ற புள்ளியும் பாம்பை நினைவூட்டுவது நிஜம். கேரளத்தில் நாகசலபம் என்றே அழைக்கிறார்கள். பறவைகளை மிரட்டவே இந்த உருவம் என்பது அழகான ஊகம். அதைச் சோதித்து நிறுவிவிட்டதாகச் சொல்லிவிட முடியாது. இதே குடும்பத்து அந்துப்பூச்சிகளை ஆராய்ந்த பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2021இல் வேறொரு பயனைக் காட்டினார்கள். மடிந்தும் நெளிந்தும் இருக்கும் சிறகு நுனிகள் இரை தேடும் வௌவாலின் ஒலியைப் பலமாக எதிரொலிக்கின்றன. தாக்குதல் உடலை விட்டு நுனிக்குத் திரும்புகிறது. நுனி கிழிந்தாலும் பூச்சி பிழைத்துக்கொள்ளும்.

விஷம் என்பதற்கு ஆதாரமே இல்லை. கடிக்கவும் முடியாது, வளர்ந்த பூச்சிக்குச் செயல்படும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு வாரம் வாழும். அதற்குள் இணை தேடி முட்டையிட்டாக வேண்டும். ஆகவே பிடித்து டப்பாவில் அடைக்காதீர்கள். அதை ஈர்க்கும் வெளி விளக்கை அணைத்துவிடுங்கள். ஓர் இரவு வீணானாலும் அதற்குப் பெரிய நட்டம்.