கல்லைப் பார்க்கும் முன் அதன் ஊரைக் கேளுங்கள்

மனைக்குக் கொட்டிய கிராவலில் எலும்பு மாதிரி ஒன்று. கிணறு தூர்வாரும்போது முட்டை மாதிரி ஒன்று. தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர்ப் பக்கம் இப்படி ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, இது புதைபடிவமா என்று யோசிப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

• முதலில் கல் எந்த ஊர் என்று விசாரியுங்கள். தோற்றம் ஏமாற்றும், பிறந்த இடம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. பல்லாவரம் மலையும் பரங்கிமலையும் சார்னோகைட் என்ற பாறை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த இனம்தான் என்பதால் 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பெயரை வைத்தார். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பூமிக்குள் 20 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்து உருவானது. அந்தக் காலத்தில் எலும்போ ஓடோ உள்ள உயிரே கிடையாது. இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் மிஞ்சியிருக்காது. உங்கள் கல் இந்த மலையிலிருந்து உடைந்ததென்றால் விசாரணை அங்கேயே முடிந்தது.

• லாரியில் வந்த கல்லென்றால் லாரி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால் நிலம் மாறிவிடுகிறது. அங்குள்ள வெளிர்நிறக் களிப்பாறையில், பத்துக் கோடி ஆண்டுக்கும் முந்தைய டிலோஃபில்லம் என்ற செடியின் இலைகள் பதிந்திருக்கின்றன. தெற்கே திருவக்கரையில் கல்மரம், இன்னும் தெற்கே அரியலூரில் பழைய கடலின் சிப்பிகள். அந்தப் பக்கத்துக் கல் உங்கள் வாசலுக்கு வந்திருந்தால் நம்பிக்கை வைக்கலாம்.

• பத்து மடங்கு காட்டும் லென்ஸில் ஒழுங்கைத் தேடுங்கள். சிப்பியின் வளர்ச்சிக் கோடுகள், மரத்தின் நார், நடுநரம்பின் இருபுறமும் வரிசையாக நிற்கும் சிற்றிலைகள். உயிர் விட்டுப்போன அச்சில் ஒரே வடிவம் கணக்காகத் திரும்பத் திரும்ப வரும். கண்ணைப் பழக்க வேண்டுமா? உறவினர் வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பல சாளக்கிராமங்களுக்குள் சக்கரமாக இருப்பது அம்மோனைட் என்ற கடலுயிரியின் ஓடுதான்.

• பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். கிடைத்த இடம், ஆழம், தேதி மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள்.

• கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் படத்தை முதலில் காட்டுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிலவியல் பிரிவு இருக்கிறது. கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழக நிலவியல் துறை இருக்கிறது.

செய்யக்கூடாதவை

• உருண்டையாக இருப்பதையெல்லாம் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் அப்படித்தான் ஊரே திரண்டது. வல்லுநர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகி உருண்ட கற்கள் என்றார்கள். அங்காவது உள்ளே ஒரு கடலுயிரி இருந்தது. நம் சார்னோகைட் வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து தானாகவே உருண்டையாகும். உள்ளே பாறையைத் தவிர ஒன்றும் இராது.

• கருப்பாகக் கிளைவிட்ட வடிவத்தைப் பார்த்ததும் பெரணி என்று முடிவு கட்டாதீர்கள். பாறை விரிசலில் மாங்கனீசு தண்ணீரோடு ஊர்ந்து படிந்து அப்படிக் கிளைக்கும். நடுநரம்பு, காம்பு எதுவும் இருக்காது.

• ஓட்டை ஓட்டையாக இருப்பதால் எலும்பு ஆகிவிடாது. செம்புறாங்கல்லிலும் ஓட்டை உண்டு, ஃபவுண்டரிக் கசடிலும் உண்டு.

• நாக்கில் ஒட்டிப் பார்க்காதீர்கள். பழைய எலும்பு ஒட்டும் என்பது சரி, காய்ந்த களிமண்ணும் ஒட்டுமே! வினிகர், எலுமிச்சைச் சாறு ஊற்றும் வேலையும் வேண்டாம். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று மட்டும் தெரியும், அதற்குள் ஓட்டின் மேற்பரப்பு அரித்துப் போயிருக்கும்.

• சுத்தியல், கம்பி பிரஷ், வார்னிஷ் மூன்றும் கூடாது. மென்மையான பிரஷால் மண்ணைத் தட்டிவிட்டால் போதும்.

• திருவக்கரைக்கோ, கல்மரம் உள்ள சாத்தனூருக்கோ போனால் ஞாபகத்துக்கு என்று ஒரு சில்லுகூட எடுத்து வராதீர்கள். இரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள்.

• புதைபடிவம் இல்லை என்று சொன்னதும் கல்லைத் தெருவில் வீசாதீர்கள். 1863 மே 30 அன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் ஒரு கிராவல் குழியில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். சார்னோகைட் மலையடியில் குவார்ட்சைட் கல்; விளிம்பு செதுக்கப்பட்டிருந்தது. இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று முதலில் அடையாளம் காணப்பட்டது அதுதான்.