இரத்தத்தில் ஒரு சமநிலை



வார்டுகளைச் சுற்றி வரும்போது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, எனக்கோ சர்க்கரை வியாதி. சர்க்கரை குறைந்துதான் மயங்கி விழுந்தேன் என்கிறார்களே, அது எப்படி?" என்பார்கள். விடை காண, உடல் தன் இரத்தத்தை எவ்வாறு காத்து வருகிறது என்பதை நாம் அறியவேண்டும்.

ஆரோக்கியமான ஒருவர் வெறும் வயிற்றில் இருக்கையில், 100 மில்லி இரத்தத்தில் 70 முதல் 100 மில்லிகிராம் வரை சர்க்கரை இருக்கும். மொத்த இரத்தத்திலும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிதான்! சாப்பிட்டதும் இந்த அளவு ஏறும். உடனே கணையம் இன்சுலினைச் சுரந்து, மிகுதியைத் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்துவைக்கிறது. பசி வேளையில் அதே கணையம் குளுக்ககான் என்னும் ஹார்மோனைச் சுரக்க, கல்லீரல் தன் சேமிப்பைத் திறந்துவிடுகிறது.

கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்திலும் இதே ஒழுங்குதான். அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்திலுள்ள சிறு பங்கு குறைந்தால் விரல்கள் மரத்து, கைகால் இழுத்துக்கொள்ளும். அப்படி நேராதபடி, தைராய்டுக்குப் பின்னால் பருப்பளவே உள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் காவல் காக்கின்றன. அவற்றின் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கிறது. சிறுநீரில் வீணாகாமல் தடுக்கிறது. வைட்டமின் டி மூலம் உணவிலிருந்தும் பெற்றுத்தருகிறது. அளவு நிறைந்ததும் சுரப்பு தானே குறைகிறது. தைராய்டு அறுவைக்குப் பின் சிலருக்குக் கால்சியம் மாத்திரை தருவது, இச்சுரப்பிகள் சோர்ந்துபோவதால்தான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். உடல் சுரக்கும் இன்சுலின் தேவையறிந்து குறையும். ஊசியில் ஏற்றிய இன்சுலினோ, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். 1922 ஜனவரியில் டொரான்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்ட நாள் தொட்டு எண்ணற்றோரை வாழவைத்த மருந்து அது. ஆனால் நேரத்துக்கு உணவும் அதனோடு செல்லவேண்டும்.

ஆகவே, இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருக்கவேண்டாம். மருந்தைத் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம். திடீரென வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டாருக்கும் சபையாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்; ஓர் உயிர் பிழைக்க ஏதுவாகும்.