ஆலய அலங்கார விளக்குகளும் நுண்கட்டுப்படுத்தியும்

திருவிழாக் காலங்களில் ஆலய முகப்பும் வீதியும் மின்விளக்குகளால் அலங்கரிக்கப்படுவது நம் வழக்கம். அவ்விளக்குகளை அணைத்து எரியச் செய்யும் கருவியை இன்று நம் ஊர் இளைஞர்களே செய்துகொள்ளலாம். ஆகவே அதன் செயற்பாட்டையும் அதிலுள்ள ஆபத்தையும் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

கண்டிப் பகுதியில் வெசாக் பந்தல்களைப் பாராதவர் இல்லை. அப்பந்தல்களின் விளக்குகளை முற்காலத்தில் மோட்டரினால் சுழலும் உருளை ஒன்றே இயக்கியது. உருளையில் பதித்த செப்புத் தகடுகள் தொடுகைகளில் படும்போது விளக்கு எரியும், விலகும்போது அணையும். கோலத்தை மாற்ற வேண்டுமாயின் தகடுகளையே மாற்ற வேண்டும்.

இன்று அவ்வேலையை நுண்கட்டுப்படுத்தி செய்கிறது. 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவருக்காக உருவான ஆர்டுயினோ இதற்குப் பெயர்பெற்றது. அதன் ஊனோ என்னும் பலகை 5 வோல்ட்டில் இயங்குவது. அதன் ஒரு முனையிலிருந்து ஏறத்தாழ 20 மில்லி அம்பியர் மின்னோட்டமே பெறலாம். நமது வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். இவ்விரண்டையும் நேரே இணைக்க முடியாது. இடையில் ரிலே வேண்டும். பலகை தரும் சிறு சைகையினால் ரிலேயிலுள்ள சுருள் காந்தமாகித் தொடுகையை இழுக்க, விளக்குச் சுற்று பூர்த்தியாகிறது. சுருளுக்கும் தொடுகைக்கும் இடையே மின்தொடர்பு இல்லை.

சாதாரண ரிலேயின் தொடுகை, முழுச் சுமையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறையே உழைக்கும். விநாடிக்கு ஒரு முறை மினுக்கினால் 28 மணித்தியாலத்தில் அது முடிந்துவிடும். எனவே மெதுவாக மாறும் விளக்குகளுக்கே ரிலே ஏற்றது. ஓடும் விளக்குகளுக்கு 12 வோல்ட் எல்.ஈ.டி. பட்டிகளைத் திரான்சிற்றர் மூலம் இயக்குவதே சிறந்தது. கைக்கெட்டும் உயரத்தில் கட்டுவதற்கும் அவையே பாதுகாப்பானவை.

230 வோல்ட் விளக்குச் சரங்களைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை:

1. ரிலே உயிர்க்கம்பியிலேயே இணைக்கப்பட வேண்டும். நொதுமல் கம்பியில் இணைத்தால், விளக்கு அணைந்திருக்கும்போதும் சரத்தில் மின்சாரம் இருக்கும்.

2. ரிலேப் பலகையின் அடிப்புற ஈய ஒட்டுகளிலும் 230 வோல்ட் உண்டு. அதனை மூடிய பிளாஸ்டிக் பெட்டியில், மழை படாத இடத்தில் வைக்க வேண்டும்.

3. ஒவ்வொரு சரத்துக்கும் தகுந்த உருகி வேண்டும். ரிலேயில் 10 அம்பியர் என்று எழுதியிருந்தாலும் அதன் பாதியளவே சுமை ஏற்றுக.

4. வெளியிடத்துக்கென்று செய்யப்பட்ட சரங்களையே வாங்குக. நாடா சுற்றிய ஒட்டுகளைக் கொடிக்கம்பத்திலோ இரும்புக் கைப்பிடியிலோ படவிடலாகாது.

5. இணைப்பைத் திருத்துமுன் ஆளியை மட்டும் நிறுத்தினால் போதாது. பிளக்கையும் கழற்ற வேண்டும்.

மலைநாட்டுத் திருவிழாவில் மழை புதிதல்ல. நனைந்த உடலின் தடை 1000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லி அம்பியர் பாயும். இதயத்தை நிறுத்த அது போதும். 30 மில்லி அம்பியர் கசிவில் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இன்றி எந்த அலங்காரத்தையும் ஏற்றலாகாது. விழா தொடங்குமுன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது துண்டிக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

பலகைக்குக் கட்டளை எழுதும் பணியை மாணவர் செய்யட்டும். 230 வோல்ட் இணைப்பைத் தகுதிபெற்ற மின்னியலாளர் செய்யட்டும். ஈரத்துணியுடன் அங்கப்பிரதட்சணம் செய்யும் அடியவரும், விளக்கைத் தொட்டுப் பார்க்கும் குழந்தையும் நலமாக வீடு திரும்புவதே அலங்காரத்தின் நிறைவாகும்.