குக்கீ என்னும் அடையாள வில்லை

கோயில் வாயிலில் காலணி காப்பவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர் நம் காலணிகளை வாங்கி ஓர் அறையில் வைத்து, எண் பொறித்த வில்லை ஒன்றை நம் கையில் தருவார். திருவிழா நாளில் ஆயிரவர் வந்து செல்வர். அவருள் ஒருவர் முகத்தையேனும் அவர் நினைவிற்கொள்வதில்லை. வழிபாடு முடித்து வருவோர் வில்லையை நீட்டினால், அவ்வெண்ணுக்குரிய அறையிலிருந்து காலணிகளை எடுத்துத் தருவார். வில்லையில் நம் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, வெறும் எண்ணே உண்டு. இணையதளங்கள் நம் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் இட்டுவைக்கும் 'குக்கீ' என்பதும் இத்தகைய வில்லையே ஆகும்.

இணையதளத்திற்கு வில்லை எதற்கு? அதன் மறதியே காரணம். நாம் ஒரு பக்கத்தைக் காண விரும்பும்போது, உலாவி என்னும் மென்பொருள் அத்தளத்தின் சேவையகத்திற்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறது. சேவையகம் பக்கத்தை அனுப்புகிறது. அத்துடன் அப்பேச்சு முடிந்துவிடுகிறது. மறுநொடியே அடுத்த பக்கத்தைக் கேட்டாலும், கேட்பவர் சற்றுமுன் வந்தவரா, புதியவரா என்பதைச் சேவையகம் அறியாது. செய்தி படிப்போர்க்கு இதனால் இடர் இல்லை. ஆனால், இணையக் கடையில் ஒரு நூலைத் தெரிந்தெடுத்துக் கூடையில் இட்டவர், இரண்டாவது நூலைத் தேடப் போகும்போது கூடையே மறைந்துபோகுமாயின், வாணிகம் நடைபெறுவது எங்ஙனம்?

இவ்விடரைத் தீர்க்க வழி கண்டவர் லூ மாண்டுல்லி என்னும் அமெரிக்க இளைஞர். 1994ஆம் ஆண்டில் அவர் நெட்ஸ்கேப் என்னும் உலாவியை ஆக்கிய நிறுவனத்தில் பணியாற்றினார். தளம் தரும் சிறு குறிப்பை வருவோரின் கணிப்பொறியிலேயே வைத்து, அவர் மீண்டும் வரும்போது உலாவியே அதனைத் திரும்பக் காட்டுமாறு செய்தார். நிரல்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் இத்தகைய குறிப்புக்கு 'மாய குக்கீ' என்னும் பெயர் நிரலாளரிடையே முன்னரே வழங்கிவந்தது. தம் படைப்புக்கும் அப்பெயரையே அவர் சூட்டினார். தின்பண்டக் கடையில் விற்கும் குக்கீக்கும் இதற்கும் வேறு உறவு இல்லை.

உலாவி ஒவ்வொன்றுக்கும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்துவிடும் எளிய வழியும் அவர்முன் இருந்தது. அங்ஙனம் செய்தால், எல்லாத் தளங்களும் ஒருவரை ஒரே எண்ணால் அறிந்து பின்தொடரக்கூடும் என்று கருதி, அவர் அதனை விலக்கினார். ஒரு தளம் இட்ட குக்கீயை அத்தளமே திரும்பப் பெறும். பிற தளங்கள் அதனைக் காண இயலாது. நல்ல காப்புத்தான். எனினும், அதில் ஒரு புழைவாயில் இருந்ததை அவர் அப்போது உணரவில்லை.

ஓர் இணையப் பக்கத்தில் நாம் காணும் யாவும் ஓரிடத்திலிருந்தே வருவன அல்ல. செய்தித் தளத்தின் ஓரத்தில் தோன்றும் விளம்பரப் படம், விளம்பர நிறுவனம் ஒன்றின் சேவையகத்திலிருந்து வரக்கூடும். அப்படத்தை எடுக்க உலாவி அங்குச் செல்லும்போது, அந்நிறுவனமும் தன் வில்லை ஒன்றைத் தந்துவிடுகிறது. பிறகு நீங்கள் காலணிக் கடையின் தளத்திற்குச் செல்கிறீர்கள்; அங்கும் அதே நிறுவனத்தின் விளம்பரம் உண்டு. உலாவி பழைய வில்லையைக் காட்டுகிறது. 'செய்தி படித்தவரே இங்குக் காலணியும் பார்க்கிறார்' என்று அந்நிறுவனம் குறித்துக்கொள்கிறது. நூறு கடைகளின் வாயிலிலும் ஒரே ஆள் மறைந்து அமர்ந்து கணக்கெழுதுவதை இஃது ஒக்கும். இவற்றை 'மூன்றாம் தரப்புக் குக்கீகள்' என்பர். நோயைப் பற்றி ஒருவர் படித்ததும், வேலை தேடியதும், கடனுக்கு வழி தேடியதும் அக்கணக்கில் ஏறக்கூடும் அன்றோ?

தொடக்கத்தில் மக்களுக்கு இது தெரியாது. உலாவிகள் கேளாமலே குக்கீகளை ஏற்றன. 1996ஆம் ஆண்டில் செய்தித்தாள்கள் எழுதிய பின்னரே பலரும் அறிந்தனர். 1997இல் வெளியான இணைய விதிமுறை, மூன்றாம் தரப்புக் குக்கீகளை இயல்பாக ஏற்றல் கூடாது என்றது. அக்காலத்துப் பெரிய உலாவிகள் அதனைப் பின்பற்றவில்லை. சபாரி உலாவி அவற்றை முழுவதும் தடுத்தது 2020இல்தான். குரோம் உலாவியும் நீக்கப்போவதாக அவ்வாண்டில் அறிவித்து, 2024இல் அம்முடிவைக் கைவிட்டது.

ஐரோப்பிய நாடுகளில், இன்றியமையாதன அல்லாத குக்கீகளை இடுமுன் இசைவு பெறல் வேண்டும். முன்னரே குறியிட்ட பெட்டி இசைவாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரே அழுத்தமும், மறுப்பதற்குப் பல அழுத்தங்களும் வைத்தமைக்காக, கூகுள் நிறுவனத்திற்குப் பிரான்சு நாட்டு ஆணையம் 15 கோடி யூரோ தண்டம் விதித்ததை 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அறிவித்தது. பொத்தான் ஒன்றின் இடத்திற்கு இத்தனை விலையா என்று வியக்கத் தோன்றும். ஆயினும், களைத்த கண் பெரிய பொத்தானையே நாடும் என்பதை அறிந்தே அவை வரையப்படுகின்றன.

குக்கீயைக் கண்டு வீணே அஞ்சவும் வேண்டா. அது வெறும் எழுத்துக்கோவை. தானே இயங்கும் நிரல் அன்று. நம் கோப்புகளைத் திறந்து படிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. எல்லாவற்றையும் தடுத்துவிட்டால், நுழைவுச்சொல் கொடுத்துப் புகும் தளங்கள் பெரும்பாலும் இயங்கமாட்டா. ஆதலின், உலாவியின் அமைப்புகளிற் சென்று மூன்றாம் தரப்புக் குக்கீகளை மட்டும் தடுத்தல் தக்கது. சேர்ந்துவிட்டவற்றை அங்கேயே அழிக்கலாம்; அழித்தபின் தளங்களில் மீண்டும் நுழைவுச்சொல் தருதல் வேண்டும், அவ்வளவே. 'மறைநிலைச் சாளரம்' என்பது மூடியவுடன் தன் குக்கீகளை அழித்துவிடும். ஆனால் நாம் பார்க்கும் தளத்திலிருந்து நம்மை மறைத்துவிடாது. இதனைப் பலர் தவறாகக் கருதுகின்றனர்.

காலணி காப்பவர், வில்லையைக் காட்டுவோர் எவராயினும் காலணியைத் தந்துவிடுவார். திருடியவர் என்று அவர் அறியார். நீங்கள் பள்ளியிலோ நூலகத்திலோ பொதுக் கணிப்பொறியில் மின்னஞ்சல் பார்த்தபின், 'வெளியேறு' என்னும் பொத்தானை அழுத்தாமல் சாளரத்தை மட்டும் மூடிவிட்டு எழுந்தால், வில்லை அங்கேயே கிடக்கக்கூடும். அடுத்து அமர்பவர் உலாவியைத் திறந்தவுடன், தளம் அவரை நீங்களே என்று எண்ணி உங்கள் அஞ்சல்களை விரித்துக் காட்டும்.