துபாஷிக்கு முதலில் பாஷை கற்பி

சென்னை

சிரஞ்சீவி குழந்தைக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. அதில் உன் சௌக்கியத்தைப் பற்றி இரண்டு வரியும், புதிய ரிஸ்க்-ஃபைவ் போர்டு உனக்கு மூன்று நாளாகக் கொடுத்துவரும் மனக்கஷ்டத்தைப் பற்றி மூன்று பக்கமும் இருந்ததைக் கண்டு, நீ உன் வேலையில் எவ்வளவு ஆழ்ந்திருக்கிறாய் என்ற சந்தோஷமும், இராச் சாப்பாட்டைக்கூட வேளையில் சாப்பிட்டிருக்க மாட்டாய் என்ற விசாரமும் எனக்கு ஒருங்கே உண்டாயின. நிற்க. ஜிடிபி என்னும் பிழைதிருத்தி போர்டோடு இணைந்த மாத்திரத்தில், 'ஜி' பாக்கெட்டின் பதில் அளவுக்கு மீறி நீளமாக இருக்கிறது, எதிர்பார்த்தது 132 பைட், வந்தது 264 பைட் என்று சொல்லி நின்றுவிடுகிறது என்றும், ஆகவே போர்டே பழுதானது என்று அதைத் தயாரித்த குழுவினருக்கு நாளை எழுதப்போவதாகவும் சொல்லியிருக்கிறாய். அந்தப் புகாரை இன்னும் அனுப்பவில்லையானால், இதை வாசித்து முடிக்கும் வரையில் அனுப்பாமல் வைத்திரு. உன் போர்டின் மேல் குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிழைதிருத்தியைப் பூதக்கண்ணாடி போல நினைப்பது நம் தொழிலில் பலருக்கும் உள்ள வழக்கம். உள்ளே இருப்பதை அது பெரிதாக்கிக் காட்டுகிறது, காட்டியதெல்லாம் பிரத்தியட்சம் என்று நம்பிவிடுகிறோம். யோசித்துப் பார்த்தால், அதன் ஸ்தானம் துபாஷியின் ஸ்தானமே. தூப்ளே காலத்துப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை இருந்ததைப் போல, ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியாத இரண்டு பேருக்கு நடுவில் நின்று, இவர் கேட்பதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் எடுத்துரைப்பவனே துபாஷி. செயலி தருவதெல்லாம் வெறும் பைட்களின் வரிசை. அந்த வரிசையில் எது எந்தப் பதிவகம், எது முகவரி, எது கட்டளை என்று பிரித்து, நமக்குப் புரியும் பெயர்களைச் சூட்டிச் சொல்வது பிழைதிருத்தி. மனித துபாஷிக்கு ஒரு வார்த்தை விளங்காவிட்டால் அவன் முகமாவது நமக்கு அதைத் தெரிவித்துவிடும். இந்தத் துபாஷிக்கு முகமில்லை. தப்பான இலக்கணத்தை அதற்குக் கற்பித்துவிட்டால், அந்த இலக்கணப்படியே, ஒரு தயக்கமும் இல்லாமல், நிறுத்தி நிதானமாகப் பொய்யை எடுத்துரைக்கும். உனக்கு நேர்ந்தது போல அது முரண்பட்டு நின்றுவிடுவது பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். முரண்படாமல் தொடர்ந்து பேசுவதுதான் ஆபத்து.

ஜிடிபியை ரிச்சர்டு ஸ்டால்மன் க்னு திட்டத்துக்காக 1986-ல் எழுதினார். அது முதல் இன்றுவரை எத்தனையோ செயலிகள் தோன்றி மறைந்தும், அந்த ஒரே கருவி உயிரோடிருப்பதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. நிறுத்துதல், ஓரடி நகர்த்துதல், மாறியின் மதிப்பைச் சொல்லுதல் ஆகிய பொதுக்காரியங்களை அறிந்த ஒரு பகுதியும், இன்ன செயலியில் பதிவகங்கள் எத்தனை, அவற்றின் அகலம் என்ன, நிறுத்துமிடம் வைக்க எந்தப் பைட்களை நினைவகத்தில் நடவேண்டும், ஒரு செயல்கூறை அழைத்தவர் யார் என்பதை அடுக்கிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பவற்றை மட்டும் அறிந்த, செயலிக்கொன்றாக எழுதப்பட்ட பகுதிகளும் அதில் தனித்தனியே உள்ளன. பிழைதிருத்தியை ஒரு செயலிக்காக அமைப்பது என்றால், இந்த இரண்டாம் பகுதியில் சரியானதைத் தேர்ந்தெடுத்து, உன் முன்னால் இருக்கும் யந்திரத்தின் லக்ஷணங்களை உள்ளபடி அதற்குச் சொல்லிவைப்பதுதான்.

மற்ற செயலிகளைவிட ரிஸ்க்-ஃபைவில் இந்தச் சிரத்தை அதிகம் வேண்டும். பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கிய அந்தக் கட்டளைத் தொகுதியை, யாரும் அனுமதி கேளாமல் எடுத்துத் தத்தம் தேவைக்கு ஏற்பச் செயலி செய்துகொள்ளலாம் என்பது அதன் பெருமை. அதனாலேயே ரிஸ்க்-ஃபைவ் என்பது ஒரு குலத்தின் பெயரேயன்றித் தனி ஆளின் பெயர் அன்று. 32 பிட் உண்டு, 64 பிட் உண்டு; மிதவைப்புள்ளிப் பதிவகங்கள் உள்ளதும் இல்லாததும் உண்டு; இரண்டு பைட்டில் அடங்கும் சுருக்கக் கட்டளைகளை ஏற்பதும் ஏற்காததும் உண்டு. நம் சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலிகளையே எடுத்துக்கொள்; சிறு கருவிகளுக்கான ஈ வகுப்பும், அதைவிடப் பெரிய காரியங்களுக்கான சி வகுப்பும் ஒரே நிறுவனத்தில் பிறந்தவையாயினும் குணத்தில் வேறானவை. ஆகவே குலத்தின் பெயரைச் சொன்னதோடு நின்றுவிடாதே. ஆளை விசாரி.

இனி உன் சங்கடத்துக்கு வருகிறேன். பிழைதிருத்தி ஓடும் யந்திரம் ஒன்று, அது ஆராயும் யந்திரம் வேறொன்று. முன்னது உன் மடிக்கணினி; பின்னது போர்டு. மடிக்கணினிக்கென்றே கட்டப்பட்ட ஜிடிபிக்குப் போர்டின் பாஷை தெரியாது. ரிஸ்க்-ஃபைவுக்கென்று கட்டப்பட்டதோ, டெபியன், உபுண்டு முதலியவற்றில் கிடைக்கும் ஜிடிபி-மல்ட்டிஆர்ச் என்ற பல செயலிகளுக்கும் பொதுவானதோ வேண்டும். இதை நீ சரியாகவே செய்திருக்கிறாய். அடுத்தபடி, இன்ன செயலி என்பதை ஜிடிபி பொதுவாக நிரல்கோப்பிலிருந்தே தெரிந்துகொள்ளும். ஈஎல்எஃப் கோப்பின் தலைப்பில் செயலியின் எண் ஒன்று எழுதப்பட்டிருக்கும். ரிஸ்க்-ஃபைவுக்கு அது 243. கோப்பு 32 பிட்டா 64 பிட்டா என்பதும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும். நீயோ நிரல்கோப்பைக் கொடுக்காமலே போர்டோடு இணைத்ததாக எழுதியிருக்கிறாய். கோப்பும் இல்லை, மறுமுனையிலுள்ள சிறு நிரலும் தன் பதிவகங்களின் விவரத்தை எக்ஸ்எம்எல் ஏடாக அனுப்பவில்லை என்றால், ஜிடிபி வேறு எதை நம்பும்? உன் தொடக்கக் கோப்பில் என்ன இருக்கிறதோ அதைத்தான் நம்பும்.

இப்போது அந்த இரண்டு எண்களையும் காகிதத்தில் எழுதிப் பார். ரிஸ்க்-ஃபைவில் பொதுப் பதிவகங்கள் 32, அடுத்த கட்டளையின் முகவரியைக் காட்டும் பதிவகம் ஒன்று, ஆக 33. ஒவ்வொன்றும் 32 பிட், அதாவது 4 பைட் என்றால் மொத்தம் 132 பைட். ஒவ்வொன்றும் 64 பிட், அதாவது 8 பைட் என்றால் 264 பைட். பதிவகங்கள் அனைத்தையும் கொடு என்று கேட்பதற்குப் பெயர்தான் 'ஜி' பாக்கெட். உன் போர்டு 64 பிட் செயலியாக உண்மையைச் சொல்லியிருக்கிறது. ஜிடிபி அதை 32 பிட் என்று எண்ணிக் காத்திருக்கிறது. சென்ற வருஷம் நீ வேலை செய்த 32 பிட் போர்டுக்கான தொடக்கக் கோப்பை அப்படியே எடுத்துவந்திருப்பாய் என்பது என் ஊகம். இணைப்பதற்கு முன்பாக நிரல்கோப்பைக் கொடு. அல்லது 'செட் ஆர்கிடெக்சர் ரிஸ்க்வி:ஆர்வி64' என்று கட்டளையிட்டு, 'ஷோ ஆர்கிடெக்சர்' என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, அதன்பிறகு இணைத்துப் பார். மூன்று நாளாக உன்னைத் தூங்கவிடாத பிழைச் செய்தி தன் விடையையும் தானே சுமந்துகொண்டு வந்திருந்தது, குழந்தாய். அதைப் படிக்க ஒரு பெருக்கல் கணக்கே தேவையாயிருந்தது.

இவ்வளவோடு முடித்திருப்பேன். ஆனால் புகார்க் கடிதம் என்று நீ எழுதியதைக் கண்டவுடன், இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும் என்று பட்டது. சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், சுருக்கக் கட்டளைகளை ஏற்கும் ஒரு புதிய ரிஸ்க்-ஃபைவ் செயலி எங்கள் கைக்கு வந்தது. நிரல் தனியே ஓடும்போது குறைவின்றி ஓடும். பிழைதிருத்தியை இணைத்து, நிறுத்துமிடம் வைத்து ஓட்டினால் மட்டும் சில சமயம் தடுமாறி விழும். விழுந்த காரணத்தைக் காட்டும் எம்காஸ் பதிவகத்தில் எப்போதும் 2, அதாவது செல்லாத கட்டளை, என்றே இருக்கும். நிறுத்தி நினைவகத்தைப் பார்த்தால் கட்டளைகள் யாவும் பழுதின்றி இருக்கும். எங்கள் குழுவில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஓர் இளைஞர் எழுதிய பகுதி எங்கோ நினைவகத்தைக் கெடுக்கிறது என்று நான் முடிவுகட்டி, அதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியும்விட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் பன்னிரண்டு நாள் தம் நிரலைத் திருப்பித் திருப்பி எழுதினார்.

விழுந்த முகவரியைக் காட்டும் எம்இபிசி பதிவகத்தின் மதிப்பு, நான் வைத்த நிறுத்துமிடத்தைவிட எப்போதும் சரியாக இரண்டு பைட் அதிகமாக இருக்கிறது என்பதைப் பதின்மூன்றாம் நாள்தான் கவனித்தேன். நிறுத்துமிடம் வைப்பதென்றால், அவ்விடத்துக் கட்டளையை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு இபிரேக் என்னும் கட்டளையை அங்கே நடுவது. அதற்கு 4 பைட் வடிவம் ஒன்றும், 2 பைட் சுருக்க வடிவம் ஒன்றும் உண்டு. முன்னைய செயலிக்காகச் சுருக்க வடிவம் வேண்டாம் என்று எழுதிவைத்த ஒரு வரி, கோப்போடு கோப்பாகப் புதிய செயலிக்கும் வந்துவிட்டது. இரண்டு பைட் கட்டளையின் மேல் நான்கு பைட் முளையை அடித்தால், அது பக்கத்துக் கட்டளையையும் அல்லவா நசுக்கும்? வேறொரு கிளையிலிருந்து அந்தப் பக்கத்துக் கட்டளைக்குத் தாவி வந்த செயலி, முளையின் பின்பாதியைக் கட்டளை என்று எண்ணிப் படித்து விழுந்தது. நாங்கள் நிறுத்திய கணத்திலோ ஜிடிபி தன் முளைகளைப் பிடுங்கிப் பழைய பைட்களைத் திரும்ப வைத்துவிடும். ஆகையால் பார்க்கும்போதெல்லாம் எல்லாம் சுத்தமாகவே தெரிந்தது. ஜிடிபியின் சொந்த வழக்கப்படி விட்டிருந்தால் இடமறிந்து வடிவத்தை அதுவே தேர்ந்திருக்கும். அதன் கையைக் கட்டியது எங்கள் வரி. மறுநாள் அதே கூட்டத்தில் அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அந்தப் பன்னிரண்டு நாட்களை அவருக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அன்று முதல் நான் அனுசரித்துவரும் சில நியமங்களை உனக்கும் சொல்கிறேன். எந்தப் புதிய போர்டோடு இணைந்தாலும், நிரலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்குமுன், விடை முன்பே தெரிந்த கேள்விகளைக் கேள். எக்ஸ்0 பதிவகம் எக்காலத்திலும் பூஜ்யம். அதில் வேறு மதிப்பு தெரிந்தால் பதிவகங்களின் வரிசையே பிறழ்ந்திருக்கிறது என்று அறிந்துகொள். 11223344 என்ற பதினறும எண்ணை நினைவகத்தில் எழுதிவிட்டுப் பைட் பைட்டாகத் திரும்பப் படி. 44 முதலில் வரவேண்டும். எம்ஐஎஸ்ஏ என்ற பதிவகத்தைக் கேட்டால், செயலி தன் ஸ்வரூபத்தைத் தானே சொல்லும்: கீழ்க்கோடியிலுள்ள 26 பிட்களும் ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக எந்தெந்த நீட்சிகள் உண்டு என்பதையும், மேல்கோடியிலுள்ள இரண்டு பிட்கள் அகலத்தையும் காட்டும், 1 என்றால் 32 பிட், 2 என்றால் 64 பிட். அந்தப் பதிவகம் பூஜ்யமாக இருப்பதையும் விதிகள் அனுமதிப்பதால், அப்படி வந்தால் செயலியின் கையேட்டைப் பார். நிரல் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்குமானால் அங்கே சாதாரணமாக முளை நட முடியாது. செயலியின் வன்பொருளிலேயே உள்ள நிறுத்துமிடங்களைக் கேட்டு வாங்க வேண்டும், அவை சிலவே இருக்கும் என்பதையும் நினைவில் வை. அழைப்பு வரிசை அசெம்பிளியில் எழுதிய பகுதியைத் தாண்டிச் சென்றால், அதற்குமேல் அது சொல்வதைச் சாட்சியாகக் கொள்ளாமல் ஊகமாகக் கொள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொடக்கக் கோப்பைப் பிறரிடமிருந்தோ உன் பழைய வேலையிலிருந்தோ நகலெடுக்காதே. ஒவ்வொரு வரியையும் உன் கையால் எழுதி, அது எதற்காக இருக்கிறது என்ற காரணத்தை மேலே குறிப்பாக எழுது. காரணம் எழுத முடியாத வரி உனக்குத் தெரியாத வரி. தெரியாத வரி என்றாவது ஒருநாள், குற்றமற்ற ஒருவர் மேல் உன் வாயாலேயே குற்றம் சொல்ல வைக்கும்.

போர்டைத் தயாரித்தவர்களும் உன்னைப் போல இராக் கண்விழித்தவர்களே. ஆகையால் முதலில் அந்த இரண்டு கட்டளைகளையும் கொடுத்துப் பார். அதன்பிறகும் முரண்பாடு நிற்குமானால் அவர்களுக்குத் தாராளமாக எழுது. எதையெதைச் சோதித்தாய், என்ன எண் வந்தது என்று வரிசையாக எழுது. அப்படி எழுதும் கடிதம் புகாராக இராது, அவர்களுக்கு உதவியாக இருக்கும். முரண்பாடு நீங்கிவிட்டால் எனக்கு ஒரு வரி எழுதிப்போட்டுவிட்டு, நேரத்தில் சாப்பிட்டுத் தூங்கு.

இங்ஙனம்,
உன் நலமே கோரும்
பெரியப்பா