வேலையை விடுமுன்

ஏற்காடு

கர்த்தருக்குள் அன்பான பேத்திக்கு,

தாத்தா எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. போனில் சொல்லிவிடாமல் நான்கு பக்கம் எழுதி அனுப்பினாயே, அதற்கே உனக்கு ஒரு முத்தம். சென்னை வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்து, இங்கே இருக்கிற மலையாளிப் பழங்குடி ஜனங்களின் நடுவில் ஊழியம் செய்யப் போகிறேன் என்கிறாய். வாலிபர் முகாமில் அர்ப்பணித்துவிட்டேன், இனி பின்வாங்க மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். உன் அப்பாவுக்குக் கோபம். எனக்குச் சந்தோஷம்தான், கண்ணு. ஆனாலும் ராஜினாமாக் கடிதம் கொடுக்குமுன் சில காரியங்களை உன்னோடு பேச வேண்டும்.

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அவர்களுக்கு நான் என்ன கொடுக்கலாம் என்றே முழுக்கக் கேட்டிருக்கிறாய். கொடுக்கிற இடத்தில் நீ, வாங்குகிற இடத்தில் அவர்கள். இந்த ஒன்றுதான் எனக்குக் கவலை. மற்றதெல்லாம் வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம்.

திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் என்று ஒன்று உண்டு. 1921-இல் இரண்டு மருத்துவர்கள் தொடங்கியது. ஒருவர் நம் தமிழர், டாக்டர் சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், டாக்டர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். சீமையில் சிநேகிதர்கள் ஆனவர்கள். பேட்டனின் குடும்பம் கம்பளி நூல் ஆலைக் குடும்பம், பெரிய பணக்காரர்கள். அவர் நினைத்திருந்தால் அங்கிருந்தபடியே செக் எழுதி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. இவர் கதர் உடுத்தி, தரையில் உட்கார்ந்து, மரக்கறிச் சாப்பாடு சாப்பிட்டு, கல்யாணமும் செய்துகொள்ளாமல் ஜேசுதாசனோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். வெள்ளைக்கார மிஷனரி பங்களாவிலும் தமிழ் ஊழியர் அவருக்குக் கீழேயும் இருந்த காலம் அது. இங்கே மூத்தவராக இருந்தது தமிழர். சுற்று வட்டாரத்து ஜனங்கள் ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள்.

நோயாளிகள் வந்தார்கள், வைத்தியம் பார்த்தார்கள். ஜெபிக்க ஓர் ஆலயத்தைக் கோபுரத்தோடு நம் நாட்டுக் கோவில்களின் முறையில் கட்டினார்கள். 1932-இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதரோடு நின்ற சின்னண்ணனைப் போலீஸ் தடியால் அடித்தது. யோசித்துப் பார். ஆள்கிற இனத்தில் பிறந்தவர், நூல் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை, அந்த ஆட்சியின் தடியைத் தன் உடம்பில் வாங்கினார். அண்ணன் என்று கூப்பிட விட்டுவிட்டால் தம்பிக்கு விழுகிற அடியில் நமக்கும் பங்கு வரும். நீ இந்த மலைக்கு வருவதானால் அப்படி வர வேண்டும். உபகாரம் செய்கிற மேடமாக வராதே, கண்ணு. மேடத்துக்கு இங்கே நாற்காலி போடுவார்கள், டீ கொடுப்பார்கள், மேடம் கேட்கிற பதிலையே சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இங்கே என்ன வேலை இருக்கிறது என்று கேட்டாயே. பெரிய வேலை எதுவும் இல்லை. கிராமத்து வீடு ஒன்றில் ஒருத்திக்குப் பிரசவத்தில் சிக்கல் வந்துவிட்டால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆம்புலன்ஸ் கூட்டிக்கொண்டு போய்விடும். போன பிறகுதான் கஷ்டம். எந்த வார்டு, எங்கே சீட்டு எழுத வேண்டும், ரத்தம் கேட்டால் யாரிடம் போவது, ஸ்கேன் எந்தக் கட்டிடம். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிற புருஷன் கையில் காகிதத்தோடு திகைத்து நிற்பான். நர்ஸ் ஒரு வார்த்தை சத்தம் போட்டால் அப்படியே திரும்பி மலை ஏறிவிடலாமா என்று தோன்றும் அவனுக்கு. அந்த இரண்டு மூன்று நாளும் கூட இருக்க ஒரு ஆள் வேண்டும். ராத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, காலையில் வெந்நீர் வாங்கிவந்து கொடுக்கிற ஆள். நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பள்ளியில் நீ நடித்தாயே, அதில் அவன் காயத்தைக் கட்டினதோடு போய்விடவில்லை. சத்திரத்தில் சேர்த்து, அன்று தானே கவனித்து, மறுநாள் பணமும் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வருகையில் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். பிரசங்கங்களில் அந்தப் பாகத்தை யாரும் நின்று பேசுவதில்லை.

இன்னொன்று சான்றிதழ். மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். கல்லூரி இடத்துக்கும் உதவித்தொகைக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும். அதைக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும், தாசில்தார் கையெழுத்து போதாது. பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒருத்தி அதற்காக எத்தனை தரம் மலை இறங்கி ஏறுகிறாள் என்று நீ வந்து பார். இணையத்தில் விண்ணப்பம் போடுவது உனக்குக் கை வந்த காரியம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தையும் படித்து வை. தலைமுறையாக உழுகிற நிலத்துக்கு உரிமை கேட்கிறவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்க ஆள் தேவை. இவற்றில் எதையும் ஊழியச் செய்தி மடலில் படம் போட்டு அனுப்ப முடியாது. அனுப்பவும் வேண்டாம்.

அவர்களுடைய தெய்வத்தைப் பற்றி முகாமில் யாரோ இளக்காரமாகப் பேசினார்கள் போலிருக்கிறது, உன் எழுத்திலும் அது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சேர்வராயன் மலை உச்சியில் குகைக் கோவிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலை முழுக்க அங்கே கூடும். அந்தச் சேர்வராயன் பேர் கொண்ட மலையில்தான் நாங்கள் எல்லோரும் குடியிருக்கிறோம். நீ யாரை நம்புகிறாய் என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல், சந்தோஷமாகச் சொல். மாத்திரையோடும் அரிசியோடும் சேர்த்துச் சொல்லாதே. பசியில் இருக்கிறவனிடம் வாங்குகிற சம்மதத்தை ஆண்டவர் கேட்கவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்படிச் செய்கிறவர்களால்தான் அன்போடு செய்கிறவர்களையும் ஜனங்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

கிறிஸ்தவர்கள் இந்த மலைக்குக் கொடுத்ததில் பெரியது பள்ளிக்கூடம். 1917-இல் கபிரியேல் சபைச் சகோதரர்கள் தொடங்கிய மான்ஃபோர்ட் முதல் எத்தனையோ. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து தங்கிப் படித்து உயர்ந்தார்கள். நானும் பள்ளிக்கூட வாத்தியாராகத்தான் காலம் கழித்தேன், அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்விடுகிற பிள்ளைக்குச் சாயந்தரம் ஒரு மணி நேரம் எழுத்துக்கூட்டச் சொல்லித்தர ஆள் இன்னும் வேண்டும்.

மனது நோகாமல் ஒன்று கேட்கிறேன். உன் அலுவலகத்தில் கழிப்பறை சுத்தம் செய்கிற அம்மாவின் பேர் உனக்குத் தெரியுமா? அவள் பிள்ளை என்ன படிக்கிறான்? நம் சபைக்குள்ளேயே சாதி பார்த்துப் பெண் கொடுக்கிறோமே, அதைப் பற்றி உன் வாலிபர் முகாமில் யாராவது பேசினார்களா? வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு முன்னால் சாதிக்கு ஒரு பக்கமாக உட்காரும்படி மாதாகோவிலுக்குள் சுவர் எழுப்பியிருந்தார்கள். 1910-இல் அது இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டங்களில் அப்படிப்பட்ட சுவர் அதற்குப் பிறகும் நின்றது. நம் குடும்பமும் இதில் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். மலைமேல் வந்து பழங்குடி வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு, ஊரில் சேரித் தெருவிலிருந்து வரும் சபைக் குடும்பத்தைக் கல்யாணப் பந்தியில் தள்ளி உட்காரவைக்கிற அன்பு நமக்கு வேண்டாம். நீ இதை வீட்டில் பேசு. அப்பாவிடமே பேசு. மலைக்கு வருவதைவிட அது கஷ்டம்.

ஐந்து வருஷம் கழித்தும் ஒன்றும் மாறாவிட்டால் என்ன செய்வேன் என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறாய். மாறாமல் போகலாம். நீ எழுத்து சொல்லிக்கொடுத்த பையன் பள்ளியை விட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விடலாம். நீ கூட இருந்தும் ஒரு தாய் பிழைக்காமல் போகலாம். அன்றைக்கு உனக்கு ஜெபம் வராது. வராவிட்டால் பரவாயில்லை, மற்றவர்கள் ஜெபிக்கிற இடத்தில் போய்ச் சும்மா உட்கார். ஈஸ்டர் அன்று விடியுமுன் நாம் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோமே, உன் பாட்டி போன பிறகுதான் நான் அதன் முழு அர்த்தத்தோடு போகிறேன். ஆண்டவர் எழுந்தார், ஆகவே அவளும் எழுந்திருப்பாள், நான் அவளைக் காண்பேன். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்ளவில்லை, மெய்யாகவே நம்புகிறேன். அது மெய்யானால் என் ஆயுசுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்கிற பதற்றம் எனக்கு எதற்கு? முடியாததை விட்டுவிட்டுப் போகலாம், அது வீணாகாது. நீயும் அந்த மனதோடு வந்தால் ஐந்து வருஷத்தில் களைத்துப்போக மாட்டாய்.

ஆகவே இப்படிச் செய். இப்போது ராஜினாமா செய்யாதே. கிறிஸ்துமஸ் லீவோடு இருக்கிற விடுப்பையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு வா. பழம் பறிப்பு நடக்கிற சமயம் அது. வந்ததும் யாருக்கும் எதுவும் கொடுக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு மட்டும் போய்வா. உன்னைவிடச் சின்ன வயதில் கிராம நர்ஸாக வேலை பார்க்கும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள். நாகலூர்ப் பக்கம் எனக்குப் பழக்கமான குடும்பங்கள் உண்டு, என் பழைய மாணவர்களின் வீடுகள், அங்கே தங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் இதே மனது இருந்தால் ராஜினாமாக் கடிதத்தை நாம் இருவரும் உட்கார்ந்து எழுதுவோம்.

குளிர் பலமாக இருக்கும், கம்பளிச் சட்டை இரண்டு எடுத்துவா. உன் அப்பாவிடம் இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
தாத்தா